எர்த் குழி

சுவிட்சை அணைத்த பிறகும் அந்தப் பெட்டி முனகிக்கொண்டிருந்தது.

கருப்பண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழைய பெட்டிகளுக்கு அந்தப் புத்தி உண்டு. உள்ளே கண்டென்சர்கள் குடித்துவைத்த கரண்டை உடனே கக்கிவிடாது. ஆனால் இந்த முனகல் மெல்ல மெல்லத் தேய்ந்து அடங்கவில்லை. ஒரே சுதியில் இருந்துவிட்டு, அவன் பின்பலகையின் திருகாணியில் கை வைத்த மாத்திரத்தில் சட்டென்று நின்றுபோனது. நாலு பேர் பேசிக்கொண்டிருக்கும் இடத்தில், யாரைப் பற்றிப் பேசுகிறார்களோ அந்த ஆளே வந்து நின்றால் பேச்சு நிற்குமே, அந்த மாதிரி. ஒரு வருடமாக ஏற்காட்டில் அவன் எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் பேச்சு அப்படித்தான் நின்றது. அதனால் இதுவும் பழகிய சங்கதியாகத்தான் பட்டது.

அது ஒரு வீடியோ கேம் பெட்டி. ஆள் உயரத்துக்கு மரக்கூடு. நெஞ்சு மட்டத்தில் கண்ணாடித் திரை, அதற்குக் கீழே உருண்டைத் தலை வைத்த கைப்பிடி, இரண்டு பொத்தான்கள், இன்னும் கீழே காசு போடும் இரும்புக் கதவு. மெட்ராஸில் ஏதோ ஓட்டலில் பணக்காரப் பிள்ளைகள் அடித்து அடித்து அலுத்துப்போனதை ஞானசுந்தரம் லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுவந்திருந்தார். காப்பிக்கொட்டை வியாபாரி அவர். பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இருந்த தன் குடோனைக் காலிசெய்து, வெள்ளை அடித்து, வரப்போகும் கோடை விழாவுக்குள் இதை வீடியோ கேம்ஸ் கடையாக்கிவிட வேண்டும் என்று குறியாக இருந்தார். மலைக்கு வருகிறவன் ஏரியைப் பார்ப்பான், படகு ஏறுவான், மழை பிடித்துக்கொண்டால் என்ன செய்வான் என்பது அவர் கணக்கு. தப்பான கணக்கும் இல்லை.

"படம் நடுங்குதுங்க, மெக்கானிக்கு," என்றார் காலையில். "ஒரு கறுப்புப் பட்டை கீழ இருந்து மேல ஏறிக்கிட்டே இருக்குது. காசுக் கதவத் தொட்டா சுர்ருங்குது. விழாவுக்கு வர்ற பசங்க எவனாச்சும் அதுல ஒட்டிக்கிட்டான்னா அப்புறம் என் கதி என்னாவறது?"

"எர்த் சரியில்லீங்க. பொறத்தாண்ட குழி வெட்டி ஒரு எர்த் போட்டம்னா தீந்துரும்."

"குழியா?" ஞானசுந்தரம் சிரித்தார். "இங்க எங்கீங்க குழி வெட்டறது? பூராப் பாறை. நான் எடம் வாங்குன நாள்ல இருந்து இங்க எர்த்துன்னு ஒண்ணு கெடையாது. தண்ணிக் கொழாயில ஒரு கம்பியக் கட்டி உட்ருங்க, போதும். நான் சேலம் வரைக்கும் போயிட்டுப் பொழுதோட வந்தர்றேன்."

ஜீப் வளைவு திரும்பும் சத்தம் கேட்கிறவரை கருப்பண்ணன் வாசலில் நின்றான். அப்புறம் உள்ளே வந்து காசுக் கதவை வலது கையின் புறங்கையால் தொட்டான். சுருக்கென்று அடித்தது.

எர்த் என்பது பெரிய மந்திரமில்லை. பெட்டிக்குள் தடம் மாறிப்போன கரண்ட் மண்ணுக்குள் இறங்கிப்போக ஒரு வழி, அவ்வளவுதான். அந்த வழி இல்லாவிட்டால் கரண்ட் இரும்பிலேயே காத்துக்கொண்டு நிற்கும். யார் வந்து தொடுகிறார்களோ அவர்கள் உடம்பு வழியாக இறங்கும். அதனால்தான் தொழில் தெரிந்தவன் எந்த இரும்பையும் முதலில் உள்ளங்கையால் தொடமாட்டான். ஷாக் அடித்தால் விரல்கள் தாமாக மடங்கிக்கொள்ளும். உள்ளங்கையாக இருந்தால் மடங்கிய விரல் இரும்பையே பிடித்துக்கொண்டு விடாது. புறங்கை என்றால் உதறிக்கொண்டு வந்துவிடும்.

கலியாணமான புதிதில் கிருஷ்ணம்மாளுக்கு அவன் சொல்லிக்கொடுத்த ஒரே பாடம் அதுதான். அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். இஸ்திரிப் பெட்டியைப் புறங்கையால் தொட்டாள், மாவு மில்லின் கதவைப் புறங்கையால் தொட்டாள், கடைசியில் அவனையும் அப்படியே தொட ஆரம்பித்தாள். வேலை முடிந்து முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு அவன் வந்தால், விரல்களின் பின்பக்கத்தால் கன்னத்தை மெல்லத் தொட்டுவிட்டு வெடுக்கென்று கையை உதறுவாள். "ஆத்தாடி, இன்னைக்கு நொம்பக் கரண்டு இருக்குதுங்க," என்பாள். எவ்வளவு கோபம் இருந்தாலும் சிரிப்பு வந்துவிடும்.

போன வருடம் கோடை விழா முடிந்த கையோடு, கொட்டச்சேட்டில் இருக்கும் அம்மா ஊட்டுக்குப் போய்வருகிறேன் என்று பஸ்ஸுக்குக் கிளம்பினாள். நல்ல மழை. அவள் அங்கே போய்ச் சேரவில்லை. கருப்பண்ணன் எங்கெங்கோ அலைந்துவிட்டு இந்தக் குடோனுக்கும் வந்து விசாரித்தான், ஏனென்றால் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் மழை வந்தால் இதன் கூரைக்குக் கீழேதான் ஒதுங்குவார்கள். ஞானசுந்தரம் அவனை உட்காரவைத்து, காப்பி கொடுத்து, தயங்கித் தயங்கித்தான் சொன்னார். கொட்டச்சேட்டு பஸ்ஸில் அவள் ஏறவில்லையாம். சேலம் பஸ்ஸில் ஏறினாளாம். கூட ஒரு ஆள் இருந்தானாம். பார்த்தது அவர் ஒருவர்தான். ஆனால் பெரிய மனிதர் பார்த்தால் ஊரே பார்த்த மாதிரி. அதற்குப் பிறகு யாரும் தேடவில்லை, அவனும் தேடவில்லை.

அழுகை வரவில்லை. கோபமும் வரவில்லை. சோற்றில் உப்பு கூடக் குறைய இருந்தால் தெரியாமல் போனது. சில மாதம் கழித்து ஒரு டி.வி.க்குள் கவனமில்லாமல் கையை விட்டு வாங்கிய அடியில் இடது கை மணிக்கட்டுக்குக் கீழே மரத்துப்போய்விட்டது. நரம்பு என்றார் டாக்டர். கருப்பண்ணனுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. மற்றதெல்லாம் முன்பே மரத்திருந்தது, கை கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து அந்தக் கையை பேண்ட் பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டு ஒற்றைக் கையாலேயே வேலை பார்த்தான். அவனுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அவள் திரும்பி வரவேண்டும் என்றுகூட இல்லை, எங்கே இருக்கிறாள் என்று தெரிந்தால் போதும். தெரிந்தால் அந்தத் திசையைப் பார்த்து ஒரு தடவை அழுதுவிடலாம் என்று நினைத்துக்கொள்வான்.

பெட்டியின் பின்பலகையைக் கழற்றி வைத்தான். சூடேறிய தூசியின் வாடையும், எங்கோ வார்னிஷ் கருகிய வாடையும் வந்தன. முன்பக்கம் ஒரு மர நாற்காலியைப் போட்டு, பையிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து, திரையைப் பார்க்கும்படி சாய்த்து வைத்தான். பின்னால் இருந்து வேலை செய்கிறவனுக்கு முன்னால் படம் என்ன ஆகிறது என்று அதில் தெரியும். அது கிருஷ்ணம்மாளின் கண்ணாடி. ஓரத்தில் அவள் ஒட்டிவைத்த சிவப்புப் பொட்டு இன்னும் இருந்தது. எடுக்கவேண்டும் என்றும் தோன்றியதில்லை, எடுக்கக்கூடாது என்றும் தோன்றியதில்லை.

முதலில் ஸ்டெபிலைசரைப் பார்த்தான். ஊசி நிலையாக நின்றது. ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் படக்குழாயின் ரப்பர் மூடிக்கு அடியில் நுழைத்து, தேங்கிக்கிடந்த ஹை வோல்டேஜைக் கம்பிவழியே வடித்தான். டப்பென்று நீலமாக ஒரு பொறி பறந்தது. போர்டில் வெடித்திருந்த ஈயத்தை உருக்கி மறுபடி வைத்தான். உப்பியிருந்த கண்டென்சரை மாற்றினான். ஒவ்வொன்று முடிந்ததும் சுவிட்சைப் போட்டுக் கண்ணாடியைப் பார்த்தான். படம் நடுங்கிக்கொண்டேதான் இருந்தது. சுவர்களும் சந்துகளுமாக ஒரு விளையாட்டு அது. ஒரு சின்ன வெள்ளை உருவம் வெளியே போக வழி தேடி ஓடும். அதன் மேல் கறுப்புப் பட்டை கீழேயிருந்து ஊர்ந்து ஏறியது, உச்சியில் மறைந்தது, மறுபடி கீழேயிருந்து ஏறியது.

இனி எர்த்தைத் தவிர வேறு இல்லை. அவன் டெஸ்ட் லேம்ப்பை எடுத்தான். ஹோல்டரில் ஒரு குண்டு பல்பு, அதிலிருந்து தொங்கும் இரண்டு வயர்கள், அவ்வளவுதான் அந்தக் கருவி. ஒரு வயரைக் கரண்டிலும் இன்னொன்றைத் தண்ணீர்க் குழாயிலும் தொட்டான். பல்புக்குள் ஒரு இழைகூடச் சிவக்கவில்லை. வெளியே போய்ப் பார்த்தால், சுவரைத் தாண்டியதும் குழாய் பிளாஸ்டிக்காக இருந்தது. போன வருடம்தான் மாற்றியிருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் எர்த் கட்டுவதும் ஒன்றுதான், வாழை மட்டையில் கட்டுவதும் ஒன்றுதான். ஞானசுந்தரம் என்ன சொன்னாலும் குழி வெட்டியே ஆகவேண்டும்.

குடோனுக்குப் பின்னால் அவர் சொன்னதுபோலப் பாறைதான். சித்திரை வெயிலில் காய்ந்துகிடந்த மண்ணில் கடப்பாரை விழும் இடமெல்லாம் ணங் ணங்கென்று தெறித்தது. ஒற்றைக் கைக்கு அது பெரும்பாடு. சோர்ந்துபோய்ச் சுவரோரமாக சில்வர் ஓக் நிழலுக்கு வந்து, சும்மா ஊன்றிக்கொள்ளக் கடப்பாரையைப் போட்டான். அது சத்தமே இல்லாமல் இறங்கியது.

அங்கே மட்டும் மண் மெத்தென்று, ஈரமாக இருந்தது. மண்வெட்டியால் இழுத்தான். கொஞ்ச ஆழத்தில் கரித்துண்டுகள் வந்தன. அதற்கடியில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஏதோ வந்தது. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தான், கல்லுப்பு.

கருப்பண்ணனுக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. எர்த் குழிக்கு அப்படித்தான் செய்வார்கள்; ஈரம் காயாமல் இருக்கக் கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு மூடுவார்கள். வெள்ளைக்கார எஸ்டேட் காலத்தில் எவனோ போட்ட பழைய எர்த் இது, இந்த மனிதருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். வேலை பாதியாகக் குறைந்தது என்று எண்ணிக்கொண்டே இரும்புக் கம்பியை நட்டான். சுத்தியலுக்கு வேலையே இருக்கவில்லை. ஒரு அளவு வரை கம்பி மண்ணில் போனது, பிறகு கோணிச் சாக்கைக் குத்தினாற்போல லேசாகத் தடுத்தது, அப்புறம் மறுபடி தானாக இறங்கியது. ஈரச் சாக்கின் வாடை ஒன்று மேலே வந்தது. ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினான். ஒரு குமிழிகூட வராமல் மண் குடித்துவிட்டது. இன்னொரு வாளி ஊற்றினான், அதையும் குடித்தது.

செம்புக் கம்பியை அதில் முறுக்கி, ஜன்னல் வழியாக உள்ளே இழுத்து, பெட்டியின் இரும்புச் சட்டத்தில் வைத்து முடுக்கினான். டெஸ்ட் லேம்ப்பின் ஒரு வயரைப் புது எர்த்தில் கிளிப் போட்டு, இன்னொன்றைக் கரண்டில் தொட்டான். பல்பு கண் கூசும்படி எரிந்தது. இவ்வளவு நல்ல எர்த்தை அவன் தொழிலில் பார்த்ததே இல்லை. காசுக் கதவைப் புறங்கையால் தொட்டுப் பார்த்தான். அடிக்கவில்லை. குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அதற்குள் வெளியே பனிமூட்டம் இறங்கிவிட்டிருந்தது. கோடையில் மத்தியானத்துக்கு மேல் சில நாள் அப்படி ஆகும். கீழே சேலத்தில் வெயில் கொளுத்தும்போது இங்கே பகலிலேயே லைட் போடவேண்டிவரும். ஜன்னலுக்கு வெளியே சில்வர் ஓக் காணாமல் போனது, பிறகு சுவரும் காணாமல் போனது, கடைசியில் ஜன்னலிலிருந்து வெளியே போகும் செம்புக் கம்பி மட்டும் ஒரு முழம் தெரிந்தது. எங்கோ இடி உருண்டது. ஈரச் சாக்கு வாடை கம்பியோடு சேர்ந்து உள்ளே வந்துவிட்டதுபோல இருந்தது. கருப்பண்ணன் ட்யூப்லைட்டைப் போட்டுவிட்டுப் பெட்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தான்.

படம் நின்றுவிட்டது. நடுக்கம் இல்லை. கறுப்புப் பட்டை போய்விட்டது என்றுதான் முதலில் நினைத்தான். போகவில்லை. திரையின் அடியில், கடைசிச் சுவருக்கும் கீழே, தரை மாதிரிப் படுத்துக்கிடந்தது. அந்த வெள்ளை உருவம் சந்துகளில் ஓடுவதை விட்டுவிட்டு அந்தக் கறுப்புக்குள் நின்றது. மேலே ஏறிச் சுவரில் முட்டியது. இறங்கியது. மறுபடி மேலே ஏறி முட்டியது.

ஒவ்வொரு முட்டலுக்கும் ஒரு சத்தம் வந்தது. டக். கொஞ்சம் பொறுத்து, டக்.

ஸ்பீக்கரில் இருந்து வரவில்லை அது. மரத்திலிருந்து வந்தது. கண்ணாடியில் பார்த்தான். திரைக்குக் கீழே இருந்த கைப்பிடி முன்னால் சாய்ந்தது, டக்கென்றது, நிமிர்ந்தது.

எழுந்து முன்பக்கம் போனான். கைப்பிடி அசையாமல் நின்றது. பின்பக்கம் வந்து உட்கார்ந்தான். கண்ணாடிக்குள் அது சாய்ந்தது. டக்.

ஸ்ப்ரிங் தளர்ந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டான். கைப்பிடியின் அடியிலிருந்து போர்டுக்கு வரும் வயர்களைப் பிடுங்கிவிட்டான். இப்போது கைப்பிடியை எவன் ஆட்டினாலும் விளையாட்டுக்குத் தெரியாது. வெள்ளை உருவம் மேலே ஏறி முட்டியது. டக். யாரோ மூடிய கதவைத் தட்டுவதுபோல, அவசரமே இல்லாமல், எத்தனை நாளானாலும் தட்டத் தயாராக இருப்பதுபோலத் தட்டியது.

பயமாக இருக்கவேண்டும் என்று கருப்பண்ணனுக்குத் தெரிந்தது. பயம் எங்கோ பக்கத்து அறையில் இருந்தது. அது எழுந்து வரும் சத்தம் மட்டும் கேட்டது.

இடி பக்கத்தில் விழுந்தது. ட்யூப்லைட் ஒரு தடவை துடித்து அணைந்தது. ஸ்டெபிலைசரின் சிவப்பு விளக்கும் போய்விட்டது. வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தான். எதிரே டீக்கடை, பஸ் நிறுத்தத்து விளக்கு, மேலே எஸ்டேட் பங்களா எதிலும் வெளிச்சம் இல்லை. மலை முழுக்கக் கரண்ட் போயிருந்தது.

அவன் முதுகுக்குப் பின்னால், டக்.

திரும்பினான். பெட்டி எரிந்துகொண்டிருந்தது.

கண்டென்சர், என்று நினைத்தான். கொஞ்ச நேரம் தாங்கும். நின்று பார்த்தான். திரையின் வெளிச்சம் சிமெண்ட் தரையில் ஒரு சதுரமாக விழுந்து கிடந்தது. அது மங்கவில்லை. எந்தக் கண்டென்சரும் இவ்வளவு நேரம் தாங்காது. சுவரோரம் போய்ச் சுவிட்சை அணைத்தான். எரிந்தது. பிளக்கைப் பிடுங்கிக் கையில் எடுத்தான். மூன்று பித்தளைக் கால்களும் அவன் கையில் இருந்தன.

எரிந்தது.

இப்போது அந்தப் பெட்டிக்குள் போகும் வயர் ஒன்றே ஒன்றுதான்.

கருப்பண்ணன் அந்தக் கம்பியைப் பார்த்தான். சட்டத்திலிருந்து தரைக்கு இறங்கி, சுவரில் ஏறி, ஜன்னலைத் தாண்டி மூட்டத்துக்குள் போயிருந்தது. அதில் கிளிப் போட்ட டெஸ்ட் லேம்ப் மேஜை மேல் கிடந்தது. அதன் இன்னொரு வயர் எதையும் தொடவில்லை. காற்றில் தொங்கியது.

பல்பு எரிந்துகொண்டிருந்தது. மங்கலாக. டக்கென்று கேட்கும்போதெல்லாம் கொஞ்சம் கூடியது.

மனம் ஒரு சம்பந்தமும் இல்லாமல் உப்பைப் பற்றி யோசித்தது. உப்பு எதற்கெல்லாம் போடுவார்கள். மீனுக்கு. ஊறுகாய்க்கு. எர்த் குழிக்கு. அப்பாவை அடக்கம் செய்தபோது மாமா ஒரு மூட்டைக் கல்லுப்பைக் கொண்டுவந்து குழியில் கொட்டியது ஞாபகம் வந்தது. வாடை வராமல் இருக்கும் என்றார் யாரோ. சீக்கிரம் கரைந்துவிடும் என்றார் இன்னொருவர். கம்பி சாக்கைக் குத்தினாற்போலத் தடுத்ததும் அப்புறம் தானாக இறங்கியதும் ஞாபகம் வந்தது. அதோடு யோசனையை நிறுத்தினான்.

நிறுத்த முடியவில்லை. எர்த்துன்னு ஒண்ணு கெடையாது. நான் எடம் வாங்குன நாள்ல இருந்து.

ஜீப் வந்து நின்றது. டார்ச் வெளிச்சம் மூட்டத்தில் ஆடி ஆடி வாசலுக்கு வந்தது.

"ஊரே இருட்டாக் கெடக்குது, இங்க மட்டும் எப்படீங்க..." என்று சிரித்துக்கொண்டே வந்த ஞானசுந்தரம் திரையைப் பார்த்தார். "அட, படம் நின்னுருச்சே! பேட்டரி கீட்டரி போட்டீங்களா?"

கருப்பண்ணன் கையில் இருந்த பிளக்கைக் காட்டினான்.

அவர் பிளக்கைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், பிறகு அவருடைய டார்ச் தானாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு போய் ஜன்னலில் நின்றது.

"கொழாயில கட்டலீங்களா?"

"கொழாய் பிளாஸ்டிக்குங்க."

"அப்ப இது எங்க போகுது?"

"சில்வர் ஓக் அடியில, செவுத்தோரமாங்க. அங்க மட்டும் மண்ணு மெதுவா இருந்துச்சு. கரி, உப்பு எல்லாம் போட்டு ஆரோ ஏற்கெனவே குழி வெட்டி வெச்சிருக்கறாங்க."

டக்.

ஞானசுந்தரம் டார்ச்சை ஜன்னலிலிருந்து வெடுக்கென்று திருப்பினார். "ஆமா," என்றார். "ஆமாங்க. பழைய எர்த்து அது. மறந்தே போனேன்."

"காலைல கெடையாதுன்னீங்க."

"மறந்துட்டேன்னு சொல்றனல்ல." குரல் உயர்ந்தது. "அது ஆகாத எர்த்து. அந்தக் கம்பியப் புடுங்குங்க மொதல்ல."

கருப்பண்ணன் நகரவில்லை. "போன வருசம் மழையில," என்றான். தன் குரல் யாருடையதோ போலக் கேட்டது. "அவ எந்தப் பஸ்ஸுல ஏறுனான்னு சொன்னீங்க?"

டக். டக். டக்.

"புடுங்குடா அத!"

அவரே பாய்ந்து பெட்டிக்குப் பின்னால் குனிந்தார். சட்டத்தில் முடுக்கியிருந்த செம்புக் கம்பியை முழு உள்ளங்கையால் வளைத்துப் பிடித்து இழுத்தார்.

கை மடங்கியது.

சத்தம் வரவில்லை அவரிடமிருந்து. டார்ச் விழுந்து உருண்டது. உடம்பு முழுக்க ஒரே நீளத்துக்கு விறைத்து, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்து, கண் மட்டும் கருப்பண்ணனைப் பார்த்தது. பெட்டி முனகத் தொடங்கியது. ஒரே சுதியில்.

என்ன செய்யவேண்டும் என்று கருப்பண்ணனுக்குத் தெரியும். காய்ந்த மரத்தால் அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும். கதவுக்கு முட்டுக்கொடுக்கும் மூங்கில் கழி கைக்கு எட்டும் தூரத்தில்தான் சாத்தியிருந்தது. அதைப் பார்த்தான். தொழில் கற்ற நாளிலிருந்து தெரிந்த விஷயம் அது.

எடுக்கவில்லை.

அவன் அங்கேயே நின்றான். பிளக் வலது கையில். இடது கை எப்போதும்போல பாக்கெட்டுக்குள். ஞானசுந்தரத்தின் கை அந்தக் கம்பியை விடவில்லை, அந்தக் கம்பி அவரை விடவில்லை. திரையில் வெள்ளை உருவத்தைக் காணோம். எல்லாச் சுவர்களும் அப்படியே இருந்தன. கறுப்பு மட்டும் அடியில் இருந்து எழுந்து மேலேறி, ஒவ்வொரு சந்தாக நிரப்பி, மெதுவாக உச்சியைத் தொட்டது. திரை இருண்டது. மேஜை மேல் பல்பு அணைந்தது.

தட்டும் சத்தம் நின்றுபோயிருந்தது. நாற்காலியில் கண்ணாடி லேசாக மினுங்கியது. ஈரச் சாக்கு வாடை வெகு பக்கத்தில் வந்தது. அவன் தோளுக்குப் பக்கத்தில்.

இந்த ஒரு வருடத்தில் முதல் தடவையாகக் கருப்பண்ணனுக்குக் கண்ணில் நீர் வந்தது. எந்தத் திசையைப் பார்த்து அழவேண்டும் என்று இப்போது தெரிந்திருந்தது. ஆனால் திரும்பத் தைரியம் இல்லை.

பாக்கெட்டுக்குள், எதையும் உணராத இடது கையின் மேல், ஏதோ பட்டது.

விரல்கள். விரல்களின் பின்பக்கம். குளிர்ந்து, ஈரமாக, உப்பு நறநறக்க, மெல்லத் தொட்டுப் பார்த்தன.

உதறுவாள் என்று காத்திருந்தான்.

உதறவில்லை. அந்தக் கை பாக்கெட்டுக்குள் மெதுவாகப் புரண்டது. உள்ளங்கையால் அவன் கையைப் பற்றியது. விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின.